பைபாஸுக்கு முன் கழுத்தை ஏன் பார்க்கிறார்கள்?

இதய பைபாஸுக்கு நாள் குறித்த பிறகு, கழுத்தில் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றால் பலர் குழம்பிப்போகிறார்கள். "கோளாறு நெஞ்சில்தானே?" என்று கேட்கிறார்கள்.

கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெரிய குழாய்கள் உள்ளன. இதயக் குழாயில் படியும் அதே கொழுப்பு இங்கும் படியும். அடைப்பு கடுமையாக இருந்தால், பைபாஸின்போதோ அதன் பிறகோ பக்கவாதம் வரும் அபாயம் கூடும். ஸ்கேன் வலிக்காது, கழுத்தில் ஜெல் தடவிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

அடைப்பு தெரிந்தால் உடனே கழுத்தையும் அறுப்பார்கள் என்று பயப்படாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, அறிகுறி எதுவும் இல்லை என்றால், பெரும்பாலும் பைபாஸ் மட்டும் செய்து, கழுத்துக்கு மருந்து கொடுப்பார்கள். அடைப்பு 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்து, கடந்த ஆறு மாதத்தில் அறிகுறியும் வந்திருந்தால் நிலைமை வேறு. கழுத்துக் குழாயைத் திறந்து கொழுப்பை அகற்றுவது பற்றிப் பேசுவார்கள். ஒரே மயக்கத்தில் முதலில் கழுத்து, பிறகு இதயம் என்று இரண்டையும் முடிக்கலாம். தனித்தனி நாளிலும் செய்யலாம். சேர்த்துச் செய்தால் உடம்புக்குச் சுமை அதிகம், ஆபத்தும் பைபாஸ் மட்டும் செய்வதைவிட அதிகம். தனித்தனியாகச் செய்தால், ஒன்று ஆறும்வரை மற்றது காத்திருக்க வேண்டும். உங்களுக்கு எது ஏற்றது, ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.

அந்த அறிகுறியைத்தான் நம்மவர்கள் சொல்வதில்லை. மருத்துவர் கேட்பதை மொழிபெயர்க்கும்போது பார்த்திருக்கிறேன். "பக்கவாதம் வந்ததா?" என்றால் "இல்லை" என்பார்கள். நமக்குப் பக்கவாதம் என்றால் கைகால் விழுந்து படுக்கையில் கிடப்பது. "எப்போதாவது ஐந்து நிமிடம் பேச்சு குழறியதா? ஒரு கண் திரை போட்டதுபோல் மறைந்ததா?" என்றால், "அதுவா? ஒரு நாள் காப்பிக் கோப்பை கையிலிருந்து நழுவியது. களைப்பு என்று விட்டுவிட்டேன்" என்பார்கள். கூட வந்த மகளுக்கே அது புதுச் செய்தியாக இருக்கும்.

தானாகச் சரியானாலும் அதைச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். வலக் கை மரத்துப்போயிருந்தால், மருத்துவர் இடப் பக்கக் கழுத்தைக் கவனிப்பார். கண் மறைந்திருந்தால் அதே பக்கக் கழுத்து. நாளும் நேரமும் நினைவிருந்தால் எழுதிக்கொண்டு போங்கள். ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்றே அப்படி வந்தால், சரியாகிவிட்டதே என்று காத்திருக்காமல் 995ஐ அழையுங்கள்.