மூன்றடிப் பாதையை மீட்போம்!

(தாராசுரத்தில் இளைஞர்களும் வியாபாரிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

டில்லி அரசியலையும் சென்னை அரசியலையும் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் பேசப்போவது காலையில் நம் பிள்ளைகள் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு பள்ளிக்கு நடக்கும் பாதையைப் பற்றி. இதுவும் அரசியல்தான். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் நாம் முதலில் கேட்க வேண்டிய அரசியல்!

தாராசுரம் பேரூராட்சியாக இருந்த ஊர். கும்பகோணம் 1866 முதல் நகராட்சி. 2021இல் கும்பகோணம் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டபோது தாராசுரம் அதனோடு இணைக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் 48 வார்டுகளுக்குத் தேர்தல் நடந்தது. ஆட்டோ ஓட்டிப் பிழைத்த சரவணன் முதல் மேயரானார். சாதாரண மனிதரும் மேயர் நாற்காலியில் அமரலாம் என்று நிரூபிக்கப்பட்டது. மகிழ்ச்சி. ஆனால் பெயர் மாறினால் போதுமா? வரி ரசீதில் வந்த மாநகராட்சி, நம் பிள்ளை நடக்கும் தெருவுக்கும் வர வேண்டாமா?

இந்த ஊரின் நிலைமையைப் பாருங்கள். கும்பகோணம் - தஞ்சாவூர் சாலை இவ்வழியே போகிறது. ரயில் நிலையம் இருக்கிறது. நேரு அண்ணா காய்கறி மார்க்கெட் இருக்கிறது. லாரி வராமல் மொத்த வியாபாரம் இல்லை. இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதைக் காண வரும் வாகனங்களும் உண்டு. எல்லாம் ஊருக்கு வருமானம். யாரும் வரவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இத்தனை சக்கரங்களுக்கு நடுவே எட்டு வயதுப் பிள்ளைக்கு மூன்றடி இடம் ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறோம்.

2004 ஜூலை 16ஐ இந்த வட்டாரம் மறக்க முடியுமா? கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் மாண்டார்கள். அதன் பிறகுதான் தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் இறக்கப்பட்டன. பிணம் விழுந்த பிறகு விழிப்பது நிர்வாகத்தின் பழக்கம். பள்ளியின் காம்பவுண்டுக்குள்ளே சட்டம் நுழைய 94 உயிர்கள் தேவைப்பட்டன. காம்பவுண்டுக்கு வெளியே சட்டம் வர இன்னும் எத்தனை உயிர் வேண்டும்?

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது, சகோதரர்களே! தமிழ்நாட்டின் 2011ஆம் ஆண்டு கல்வி உரிமை விதிகள் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. பிள்ளை நடந்து வரும் என்று அரசே ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் நடக்கப் பாதை தருவது யார் கடமை? நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"நிதி இல்லை" என்பார்கள். மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சியும் அப்படித்தான் சொன்னது. திறந்த சாக்கடையால் அவதிப்பட்ட ஒரு வார்டு மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நிதியில்லை என்று சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று 1980இல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். அவர்கள் கையிலெடுத்தது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டத்தின் 152ஆம் பிரிவு. ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுக்கும் வழி நமக்கும் திறந்தே இருக்கிறது.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். வியாபாரப் பெருமக்களே, நம் கடைப் படிக்கட்டு எங்கே முடிகிறது? விளம்பரப் பலகை எங்கே நிற்கிறது? அரிசி மூட்டையும் பிளாஸ்டிக் குடமும் யார் இடத்தில் அடுக்கியிருக்கிறோம்? வாடிக்கையாளரின் மோட்டார் சைக்கிள் எங்கே நிற்கிறது? பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் தர்மம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அகற்றுவது தர்மம் என்றால், கொண்டுவந்து வைப்பதற்கு என்ன பெயர்? நம் கையை நாமே இழுத்துக்கொள்ளாமல் மாநகராட்சியின் கையைப் பிடித்து இழுக்க முடியாது. அதிகாரி முதலில் கேட்கும் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்.

தள்ளுவண்டிக்காரரை விரட்டச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பும் முறையான இடமும் தருகிறது. அந்த இடத்தைக் குறித்துக் கொடு என்று அவர்களுக்காகவும் நாமே கேட்போம்.

பாதை விட்டால் வியாபாரம் படுத்துவிடுமா? ஸ்பெயின் நாட்டில் பொன்டேவெத்ரா என்ற சிறு நகரம்; கும்பகோணத்தைவிடச் சின்னது. 1999இல் லோரெஸ் என்பவர் மேயராகி நடுநகரைக் கார்களிடமிருந்து மீட்டு நடப்பவர்களிடம் கொடுத்தார். கடைவீதி அழியவில்லை. அவரையே மக்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். நடந்து வருகிறவன்தான் கடை வாசலில் நிற்பான். காரில் பறப்பவன் நிற்க மாட்டான்!

இளைஞர்களே, உங்களுக்கு வேலை இருக்கிறது. பள்ளி வாசலிலிருந்து நாலா பக்கமும் நடந்து பாருங்கள். டேப் வைத்து அளங்கள். எங்கே சாக்கடை மூடியில்லை, எங்கே விளக்கு எரியவில்லை, எங்கே வேகத்தடை வேண்டும், எங்கே வெள்ளைக் கோடு அழிந்திருக்கிறது என்று எழுதுங்கள். தெரு மாநகராட்சிக்குரியது என்றால் ஆணையரிடம் கொடுங்கள். நெடுஞ்சாலை என்றால் அந்தத் துறையிடம் கொடுங்கள். பள்ளி நேரத்தில் லாரியைத் தடுக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு இருக்கிறது, ஆட்சியரிடம் கேளுங்கள். எந்த மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் சொல்லியாக வேண்டும். 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. அங்கே போய்ப் பேசுங்கள். அங்கே நம் நாற்காலி காலியாக இருந்தால் நம் தெருவும் இருட்டாகத்தான் இருக்கும்.

கோரிக்கையில் நம் தெருப் பெயரை மட்டும் எழுதாதீர்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளையும், விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளையும், நம் பிள்ளையும் அதே பாதையில்தான் நடக்கின்றன. அவர்களின் பெற்றோரையும் அழைத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

ரோடு பயமாக இருக்கிறது, ஆட்டோவுக்குக் காசில்லை என்று ஒரு பெண்பிள்ளையின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனால், அது அந்த வீட்டின் நஷ்டம் மட்டுமா? ஒரு தலைமுறையின் நஷ்டம். இன்று இரவு கடைவழியாகத்தானே வீட்டுக்குப் போவீர்கள்? வாசலில் கிடக்கும் பலகையை உள்ளே எடுத்து வையுங்கள். நாளைக் காலை அந்த மூன்றடியில் ஒரு பிள்ளை நடக்கட்டும். அடுத்த நாள் மனுவோடு ஆணையர் அலுவலகத்துக்குப் போவோம்.