ஒரு குடம் தண்ணீர்: ஜெயகாந்தன் ஒரு முடிவைத் திருத்திய கதை

நெய்வேலி டவுன்ஷிப்ல இருந்து பேசுறேன். நடுவுல மயில் கத்தினா கண்டுக்காதீங்க.

நாவல் எழுதிக்கிட்டிருக்கிற நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "முதல் டிராஃப்ட் முடிஞ்சாச்சு, இனி எப்படித் திருத்துறது?" வழக்கமான பதில்கள் எல்லாருக்கும் தெரியும். அடைமொழியை வெட்டு, சத்தமா வாசிச்சுப் பாரு, ரெண்டு வாரம் ஆறப்போடு. தப்பில்லை. ஆனா இதெல்லாம் பலாச்சுளை மேல ஒட்டியிருக்கிற நாரை உரிக்கிற வேலை. பண்ருட்டிப் பக்கத்து ஆளு, வேற உதாரணம் வரலை. சுளையிலேயே சந்தேகம் வந்தா என்ன பண்றது?

இதுக்குப் பதில் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். பண்ருட்டியில கடலூர் பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள மஞ்சக்குப்பம். 1934ல ஜெயகாந்தன் பிறந்த இடம்.

1966ல ஆனந்த விகடன்ல அவரோட 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை வருது. மழை பெய்யுற ஒரு சாயங்காலம், பஸ்ஸுக்காக நிக்கிற ஒரு கல்லூரிப் பெண். பெரிய கார்ல வர்ற ஒருத்தன் அவளை ஏத்திக்கிறான். காருக்குள்ள நடக்கக் கூடாதது நடக்குது. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொல்றா. அம்மா முதல்ல பதறுறாங்க, அடிக்கிறாங்க. அப்புறம் நிதானத்துக்கு வந்து, மகள் தலையில தண்ணியை ஊத்தி, நீ சுத்தமாயிட்டே, இது யாருக்கும் தெரிய வேண்டாம்னு முடிச்சிடுறாங்க.

பெரிய சர்ச்சை. ஒரு தாய் இப்படிச் செய்யலாமா, எந்த வீட்டில இப்படி நடக்கும்னு வாசகர்கள் கொதிச்சாங்க. இந்தக் காலத்துல நடந்திருந்தா ஒரு வாரம் ட்ரெண்டிங்.

ஜெயகாந்தன் சிறுகதையில கை வைக்கலை. அது இன்னைக்கும் அவரோட தொகுப்புகள்ல அப்படியேதான் இருக்கு. ஆனா அதே மழை, அதே கார், அதே பெண்ணை எடுத்துக்கிட்டு, தினமணி கதிர்ல ஒரு தொடர்கதை ஆரம்பிச்சார். தொடரா வந்தப்போ அதுக்குப் பேர் 'காலங்கள் மாறும்'. 1970ல புத்தகமானப்போ 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. தலைப்பை மாத்தினதும் திருத்தம்தானே. முதல் தலைப்பு ஆறுதல் சொல்லுது, ரெண்டாவது எந்த வாக்குறுதியும் தரலை.

நாவல்ல அவர் மாத்தினது ஒரே ஒரு செயலை. அம்மா தண்ணி ஊத்தலை. கத்தி ஊரைக் கூட்டிடுறாங்க. அவ்வளவுதான். அதுல இருந்து எல்லாமே வேற திசையில போகுது. அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துறான். கங்கா தஞ்சாவூர்ல மாமா தயவுல படிக்கிறா, உத்தியோகத்துக்குப் போறா, முப்பதை நெருங்குறா, கல்யாணம் இல்லை. ஆதரவு கொடுத்த அதே மாமாவோட பார்வையும் சரியில்லை. தன் வாழ்க்கையை மாத்தின அந்த மனுஷனை அவளே தேடிப் போறா.

எங்க பாஷையில இது ஃபோர்க். பழைய கோடு அப்படியே இருக்கு, ஒரு இடத்துல இருந்து புதுக் கிளை பிரியுது.

எனக்கு இதுல தோணுறது இதுதான். வாசகர்கள் "எந்த அம்மா இப்படிச் செய்வா?"ன்னு கேட்டாங்க. அவர் முடிவை மாத்தி சமாதானம் பண்ணலை, பிடிவாதமா வாதாடவும் இல்லை. சரி, நீங்க சொல்ற அம்மாவே இருக்கட்டும், அப்புறம் அந்தப் பொண்ணு கதி என்னன்னு பாருங்கன்னு பல வாரம் காட்டினார். ஃபீட்பேக்கை இவ்வளவு தீவிரமா எடுத்துக்கிட்ட இன்னொரு ஆளை நான் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயம் சொன்னா நம்ப மாட்டீங்க. நாவலுக்குள்ள ஆர்.கே.வி.ன்னு ஒரு எழுத்தாளர் வர்றார். அவர் எழுதின கதையைப் பத்திரிகையில கங்கா படிக்கிறா. கதையோட பேரு 'அக்கினிப் பிரவேசம்'. தன் அம்மா செய்யாததைச் செய்யுற ஒரு அம்மாவை அவ அச்சுல பார்க்கிறா. பழைய டிராஃப்டைத் தூக்கிப் போடாம, அதையே கதாபாத்திரத்தோட மனசைக் கிழிக்கிற ஒரு பொருளா வச்சுட்டார். அந்த இடத்தை பஸ்ல படிச்சிட்டு நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போயிட்டேன்.

சொல்பவரும் மாறியாச்சு. சிறுகதையில வெளியில இருந்து ஒரு குரல் சொல்லுது. நாவல்ல பெரும்பாலும் கங்காவே 'நான்'னு பேசுறா. அந்த அம்மாவோட ஒரு குடம் தண்ணி கதையை அழகா முடிச்சிடுது. அதுக்கு மேல எழுத ஒண்ணுமில்லை. தண்ணி ஊத்தாத வீட்டுலதான் ஒரு பொண்ணு பன்னிரண்டு வருஷம் தனக்குள்ளேயே பேசிக்கிட்டிருக்க முடியும்.

குறையே இல்லையான்னா, இருக்கு. வக்கீல் வெங்கு மாமா வாயைத் திறந்தா நிறுத்த மாட்டார். எடிட்டரா நான் இருந்தா சில பக்கம் போயிருக்கும். ஆனா தொடர்கதைன்னா புரொடக்‌ஷன்லயே கோடு எழுதுற மாதிரி. போன வாரம் அச்சானதை இந்த வாரம் திருத்த முடியாது. 1972ல சாகித்திய அகாடமி விருதும் வாங்கிட்டார், இனி என் பேச்சு எடுபடாது.

எழுதுறவங்க இந்த வாரம் இதைச் செஞ்சு பாருங்க. உங்க டிராஃப்ட்ல யாரோ ஒருத்தர் நல்லவரா நடந்துக்கிற ஒரு இடத்தை எடுங்க. அந்த ஒரு செயலை மட்டும் மாத்தி, வேற ஃபைல்ல பத்து பக்கம் எழுதுங்க. பழைய ஃபைலை அழிச்சிடாதீங்க.

அடுத்த எபிசோடும் நம்ம மாவட்டம்தான். விருத்தாசலத்துல இருந்து எழுதுற இமையம், அவரோட 'கோவேறு கழுதைகள்' நாவலை 1994ல வெளியிட்ட க்ரியா ராமகிருஷ்ணன். எழுத்தாளருக்குப் பக்கத்துல ஒரு எடிட்டர் உட்கார்ந்தா என்ன ஆகும்னு பேசலாம். முடிஞ்சா அதுக்குள்ள நாவலைப் படிச்சிட்டு வாங்க.