அக்கரைக்குப் போகும் தொழில்



உயர்தரப் பரீட்சை எழுதிய பெண்பிள்ளை ஒருத்தியும் அவளுடைய தகப்பனாரும் அண்மையில் என் வீட்டுக்கு வந்திருந்தனர். தொடர்பாடல் கற்கப் பிள்ளைக்கு விருப்பம். "படிச்சு முடிச்சா உத்தியோகம் கிடைக்குமா ஐயா?" என்பது தகப்பனின் கேள்வி. அவர்களுக்குக் கூறியதையே இன்று உங்களுக்கும் கூறுகின்றேன்.

கற்பதற்கு இடமுண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடம் இருக்கின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் ஊடகக் கற்கை உண்டு. செய்தி எழுதுதல், ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, ஊடகச் சட்டம், ஒழுக்கநெறி ஆகியவற்றை அங்கே முறையாகப் பயிலலாம். தொழில் என்று வந்தால், நிரந்தரப் பதவிகளிற் பெரும்பாலானவை கொழும்பிலேயே உள்ளன. நம் பகுதி நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. பிரசுரமாகும் செய்திக்கே கொடுப்பனவு. எனினும் ஊடகக் கற்கை இன்று பாடசாலைப் பாடமாகவும் இருப்பதால் ஆசிரியத் தொழிலுக்கும் வழியுண்டு.

இனி, எந்தப் பட்டமும் இல்லாமல் இத்தொழிலுக்கு வந்த என் கதை.

2011 ஜனவரியில் மட்டக்களப்பைப் பெருவெள்ளம் மூடியது. அப்போது மண்முனைத்துறையிற் பாலம் இல்லை. பாதையில் ஏறித்தான் எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குச் செல்லவேண்டும். வெள்ளத்தினாற் போக்குவரத்துத் தடைப்பட்டிருந்தது. இக்கரையில் நின்றவர்கள், அக்கரைக் கிராமமொன்றில் முதியவர் ஒருவரை வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். பெயரும் சொன்னார்கள். நான் எழுதி அனுப்பினேன். மறுநாள் அது பத்திரிகையில் வந்தது.

வெள்ளம் வடிந்தபின் அந்தக் கிராமத்துக்குப் போனேன். முதியவர் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கல்முனையில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய தங்கை பத்திரிகையைப் பார்த்துவிட்டு இரண்டு நாட்கள் சோறு தண்ணீரின்றிக் கிடந்தாராம். முதியவர் என்னை ஏசவில்லை. "பாதை ஓடல்லதான் மனே. கிராம சேவையாளருக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். இன்றுவரை அந்த வார்த்தை என் காதை விட்டுப் போகவில்லை.

பல்கலைக்கழகம் இதைத்தான் முதலாம் வருடத்திலேயே கற்பிக்கின்றது: ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் விசாரித்து உறுதிசெய். நான் அதை ஒரு குடும்பத்தின் கண்ணீரிற் கற்றேன். படித்திருந்தால் அந்தக் கண்ணீர் மிஞ்சியிருக்கும்.

உண்மையைத் தேடிப் போனவர்கள் இந்த மண்ணிற் கொடுத்த விலையும் பெரிது. ஐயாத்துரை நடேசன் 2004 மே 31இல் மட்டக்களப்பு நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். மட்டக்களப்பிற் பிறந்த தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பிற் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு கேள்விப்பட்டதையெல்லாம் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.

இன்றைய பிள்ளைகளுக்கு வசதிகள் அதிகம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அரச அலுவலகத்திடம் எழுத்திலே தகவல் கோரலாம். கைத்தொலைபேசியோ எல்லோரிடமும் உண்டு. ஆனால் அதே தொலைபேசியில், அக்கரைக்குப் போகாமலே ஆளைச் சாகடிக்கும் செய்தியும் நொடியிற் பரவிவிடுகின்றது. ஆகவே முறையாகக் கற்றவர்களின் தேவை முன்னரிலும் இப்போதுதான் அதிகம்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை எழுந்து போகும்போது ஒரு கேள்வி கேட்டாள்: "ஐயா, அவர் உயிரோட இருக்கிறார் எண்டு திருப்பிப் போட்டீங்களா?"

போட்டோம். உட்பக்கத்தில், நாலே வரியில். மரணச் செய்தியை வாசித்தவர்களில் எத்தனை பேர் அந்த நாலு வரியை வாசித்திருப்பார்கள்?

தகப்பனிடம் சொன்னேன்: "உத்தியோகத்துக்கு நான் உத்தரவாதம் தரமாட்டன். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையைத் தடுக்காதீங்க. படிக்க விடுங்க."