உறவறிந்து எண்ணுங்கள்



சான்றுகளை எண்ணுவதற்கு முன் அவற்றுக்குள் என்ன உறவு என்று கேளுங்கள். விலங்குகளின் நடத்தையை ஆராய்வோர் தாமதமாகக் கற்ற பாடம் இது. சதுப்பில் வாழும் பத்துப் பறவையினங்கள் கூட்டமாகக் கூடு கட்டினால், அதற்குச் சதுப்பே காரணம் என்று சொல்லத் தோன்றும். பத்தும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்றால், அப்பழக்கம் ஒரே ஒருமுறை தோன்றியதாக இருக்கலாம். ஒரு வீட்டுப் பத்துப் பேர் சொல்வது பத்துச் சாட்சி ஆகாது. அதனால்தான் 1985இல் ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன், இனங்களை நேராக ஒப்பிடாமல், பரிணாம மரத்தின் கிளைகள் பிரிந்தபின் எழுந்த வேறுபாடுகளை ஒப்பிடும் கணக்குமுறையைத் தந்தார்.

உறவறிவது எப்படி உதவுகிறது என்று பார்க்க, மீன்தொட்டிகளில் நாம் காணும் ஸ்வார்ட்டெயில் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்மீனின் வால்துடுப்பு வாள்போல் நீண்டிருக்கும். பெண்மீன்கள் அதை விரும்பும். முதலில் வந்தது வாளா, விருப்பமா? அதன் நெருங்கிய உறவான பிளாட்டியின் ஆண்களுக்கு வாள் இல்லை. அலெக்ஸாண்ட்ரா பசோலோ அவற்றுக்குச் செயற்கை வாள் பொருத்திப் பார்த்தார். பிளாட்டிப் பெண்கள் வாள் பொருத்திய ஆண்களையே நாடின. 1990இல் வெளியான இந்த ஆய்வு, விருப்பமே மூத்தது என்றது. ஆனால் 1994இல் ஆக்ஸல் மேயர் குழு டிஎன்ஏ கொண்டு வரைந்த மரம், வாள் பலமுறை தோன்றி மறைந்திருக்கலாம் என்று காட்டியது. அப்படியானால் பிளாட்டியின் விருப்பம் வாளிருந்த முன்னோர் விட்டுச்சென்ற மிச்சமாகவும் இருக்கலாமே! பசோலோ மரத்தில் இன்னும் ஒரு கிளை தள்ளித் தேடினார். வாளே இல்லாத பிரியபெல்லா என்ற பேரினத்திலும் பெண்கள் செயற்கை வாளுள்ள ஆண்களை விரும்பியதை 1995இல் காட்டினார். முதல் முடிவு மீண்டும் வலுப்பெற்றது.

மரமே மாறுமானால் அதை எப்படி நம்புவது என்று நீங்கள் கேட்கலாம். மரம் ஒரு கருதுகோள்தான். ஆனால் அடுத்து எந்த மீனைச் சோதிக்க வேண்டும் என்று காட்டியதும் அதுதான். நடத்தை கற்றலால் மாறுவது, அதற்கு வம்சாவளி பொருந்துமா என்பது இன்னொரு ஐயம். எல்லா நடத்தையும் அப்படி மாறுவதில்லை. வாத்துகளின் காதலாட்ட அசைவுகளைக் கொண்டே 1941இல் கோன்ராட் லோரன்ஸ் அவற்றின் உறவுமுறையை வகுத்தார். எது நிலைக்கிறது, எது மாறுகிறது என்பதையும் மரத்தில் வைத்தே சோதிக்கலாம்.

பட்டதாரிகளே, நாளை உங்கள் மேசைக்கு ஒரே முடிவைச் சொல்லும் பத்து அறிக்கைகள் வரும். அவை பத்துமே ஒரே மூலத்திலிருந்து பிறந்தவையா என்று பாருங்கள். ஆம் என்றால், அவற்றை ஒன்றாகவே எண்ணுங்கள். பிறகு அந்த உறவுக்கு வெளியே ஒரு சாட்சியைத் தேடிச் செல்லுங்கள்.