உயர்நிலைப் பள்ளியும் வீட்டுப் பாடமும்

பள்ளிக்கூடத்தின் கடைசி மணி அடித்தபின் மாணாக்கனோடு வீட்டுக்குச் செல்லும் பொருள் ஒன்று உண்டு. அதுவே வீட்டுப் பாடம். ஆசிரியர் கரும்பலகையில் அதை நான்கு வரிகளில் எழுதிவிடுகிறார். அந்த நான்கு வரிகள் ஒரு குடும்பத்தின் மாலைப்பொழுதை எவ்வாறு ஆட்டிவைக்கின்றன என்பதை அவர் காண வாய்ப்பில்லை. வீட்டுப் பாடம் வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் மிகப் பழையது. எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, கொடுத்தபின் யார் துணை நிற்பது என்ற மூன்று வினாக்களை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 15 வயதுக்குட்பட்ட மாணாக்கருக்கு வீட்டுப் பாடம் கூடாது என 1901இல் சட்டமே செய்தார்கள். பிரான்ஸ் நாட்டில் தொடக்கப் பள்ளிச் சிறுவருக்கு எழுத்து வேலை கொடுத்தனுப்புவது 1956இல் தடுக்கப்பட்டது. நம் நாட்டில், மைசூரில் வாழ்ந்து ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற ஆர். கே. நாராயண், 1989இல் மாநிலங்களவையில் பேசியபோது பிள்ளைகளின் புத்தகச் சுமையையே பொருளாக எடுத்துக்கொண்டார். பின்னர்ப் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் ஒரு குழு அமைந்து, சுமையின்றிக் கற்றல் பற்றி 1993இல் அறிக்கை அளித்தது. மத்திய வாரியப் பள்ளிகளில் முதலிரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப் பாடம் கூடாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2018இல் ஆணையிட்டது. 2020இல் மத்திய அரசு வகுத்த பள்ளிப்பைக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 1 மணி நேரம், ஒன்பதாம் வகுப்புமுதல் 2 மணி நேரம் என்று மேல்வரம்பு கட்டியிருக்கிறது.

இரண்டு மணி நேரம் என்று எழுதிவைப்பது எளிது. கணக்குப் பார்த்தால்தான் அருமை தெரியும். கர்நாடகத்தின் பத்தாம் வகுப்பு மாணாக்கனுக்கு மொழிப் பாடங்கள் மூன்று. கணிதம், அறிவியல், சமூக அறிவியல் சேர்ந்தால் ஆறு பாடங்கள் ஆகின்றன. ஆசிரியர் ஒவ்வொருவரும் அரைமணி நேர வேலைதானே என்று கொடுத்தால், அறுவர் கொடுத்தது மூன்று மணி நேரமாகிவிடும். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. ஆசிரியர் அறையில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, திங்களும் வியாழனும் கணிதம், செவ்வாயும் வெள்ளியும் அறிவியல் என்று முறைவைத்துக்கொண்டால் இத்தொல்லை பெரும்பாலும் தீரும். இதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை. தலைமையாசிரியரின் உறுதி ஒன்றே போதும்.

இனி, எதைக் கொடுப்பது? கற்றது எவ்வளவு விரைவில் மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டினார். இடைவெளி விட்டு மீண்டும் நினைவுகூர்வதே மறதிக்கு மருந்து. ஆகவே ஐந்து கணக்குகள் கொடுக்க வேண்டுமானால், மூன்று இன்றைய பாடத்திலும், ஒன்று சென்ற வாரப் பாடத்திலும், ஒன்று சென்ற மாதப் பாடத்திலும் இருக்கட்டும். வினாவிடையைப் பார்த்து மூன்று முறை எழுதிவரச் சொல்வதால் கை நோகுமே அன்றி அறிவு வளராது. வீட்டுப் பாடத்தின் பயன் கீழ்வகுப்புகளைவிட மேல்வகுப்புகளில் மிகுதி என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஹாரிஸ் கூப்பரும் அவர்தம் துணைவரும் 2006இல் எழுதினார்கள். ஆயினும் அளவு மிஞ்சினால் அப்பயனும் குன்றும்.

இங்கே பெங்களூரின் தனி நிலைமையைச் சிந்திக்க வேண்டும். இந்நகரில் ஒரே தெருவில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது ஆகிய நான்கும் கேட்கும். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்பெற வேண்டும். வாழும் மண்ணின் மொழியைக் கற்பது பிள்ளைகளுக்கு நன்மையே. ஆனால் பீனியாவிலோ பொம்மனஹள்ளியிலோ ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்து, விளக்கு வைக்கும் நேரத்துக்குப்பின் வீடு திரும்பும் தமிழ்த் தாயொருத்தியை எண்ணிப் பாருங்கள். மகளின் கன்னட இலக்கணப் பயிற்சியில் அவள் எவ்வாறு உதவ முடியும்? ஆங்கிலத்தில் அமைந்த அறிவியல் வினாவை யார் விளக்குவார்? பணமுள்ளவர் தனிப்பயிற்சிக்கு அனுப்புகின்றனர். பணமில்லாதவர் வீட்டுப் பிள்ளை, காலையில் பள்ளி வாசற்படியில் அமர்ந்து, தோழியின் ஏட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறாள்.

அதற்கும் நேரமில்லாதவள் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்படுகிறாள். நேற்றைய பாடம் புரியாததற்காக இன்றைய பாடத்தையும் இழக்கிறாள். இவ்வாறு பலநாள் நின்றவள் ஒருநாள் பள்ளிக்கே வராமல் இருந்துவிடுகிறாள். 6 முதல் 14 வயது வரையுள்ளோருக்கான 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், உடலை வருத்துவதையும் உள்ளத்தைத் துன்புறுத்துவதையும் ஒருங்கே தடுக்கிறது. ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்துவதையும் விலக்குகிறது. சட்டத்தின் கருத்து தெளிவானது: பிள்ளைக்கு வேண்டிய உதவி பள்ளியிலேயே கிடைக்க வேண்டும்.

அவ்வுதவி இயலாத காரியமா? 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, கர்நாடக அரசு ஆகஸ்டு மாதத்தில் வித்யாகம என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கோவில் முற்றத்திலும் மரநிழலிலும் சிறு குழுக்களைக் கூட்டி ஆசிரியர்கள் பாடம் சொன்னார்கள். தொற்றின் அச்சத்தால் அக்டோபரில் நின்ற அத்திட்டம், 2021 ஜனவரியில் பள்ளி வளாகங்களில் மீண்டும் நடந்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தன்னார்வலர்கள் மாலைவேளையில் பிள்ளைகளுக்குத் துணையிருந்தார்கள். இவை நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்றே. அமர ஓர் இடம், கேட்டால் சொல்ல ஒரு பெரியவர், நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆகிய மூன்றும் இருந்தால் பிள்ளை தானே படிக்கும்.

உயர்நிலைப் பள்ளிகள் மாலையில் ஒரு மணி நேரம் கதவைத் திறந்துவைக்கலாம். ஆசிரியர்கள் முறைவைத்து இருக்கலாம். பக்கத்திலுள்ள கல்லூரி மாணாக்கரையும், ஓய்வுபெற்ற அலுவலரையும் அழைக்கலாம். பேட்டை நூலகங்களில் ஒரு நீண்ட மேசையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கலாம்.

பிறகு, திருத்தம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதன் அருமை நன்கு தெரியும். எழுதியதைப் பிறர் படித்து, இந்தச் சொல் இங்கே பொருந்தவில்லை என்று ஒரு கோடிட்டுக் காட்டினால்தான் அடுத்த பக்கம் சீர்ப்படும். ஐம்பது ஏடுகளையும் நாடோறும் திருத்த எந்த ஆசிரியராலும் முடியாது. நாளைக்குப் பத்து ஏடுகளை எடுத்துக்கொண்டால், ஒரு வாரத்தில் வகுப்பு முழுவதும் முடிந்துவிடும். சிவப்பு மையால் ஒரு சரிக்குறி இடுவதைவிட, பிழையின் காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுவது சிறந்தது. கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் கருவிகள் கைப்பேசியிலேயே வந்துவிட்ட இக்காலத்தில், எழுதிவந்ததைப் பற்றி இரண்டு நிமிடம் வாய்மொழியாகக் கேட்பதும் இன்றியமையாததாகும்.

பெற்றோர் கடமை ஆசிரியர் வேலையைச் செய்வது அன்று. பிள்ளைக்காகத் தாமே எழுதித் தருவது பெருந்தீங்கு. மாலையில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்தி, கைப்பேசியை அப்பால் வைத்து, இன்று என்ன படித்தாய் என்று கேட்டாலே போதும். எழுத்தறியாத தாயும் இதைச் செய்யலாம். ஆசிரியரும் அத்தாயின் அறிவுக்கு மதிப்பளிக்கும் வேலைகளைக் கொடுக்கலாம். உன் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்தத் தொழிலை நாடி இந்நகருக்கு வந்தது, பெரியோரைக் கேட்டுப் பத்து வரி எழுதிவா என்று சமூக அறிவியல் ஆசிரியர் சொல்லட்டும். அன்று அந்த வீட்டில் தாயே ஆசிரியை ஆவாள்.

துணை கொடுக்க இயலாத வேலையைப் பள்ளி வீட்டுக்கு அனுப்பலாகாது. அனுப்பினால், நாம் மதிப்பெண் இடுவது குடும்பத்தின் வசதிக்கே ஆகும். பிள்ளையின் உழைப்புக்கு ஆகாது. குறைவாகக் கொடுத்து, கொடுத்ததைத் திருத்தி, தடுமாறியவரை மாலையில் அருகில் அமர்த்திச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில், வீட்டுப் பாடம் எந்தப் பிள்ளைக்கும் அச்சந் தராது.