யாளியின் முதுகு



பெங்களூர்வாழ் தமிழராகிய நாம் அடிக்கடி காணும் விலங்குகள் சில எந்தக் காட்டிலும் இல்லை. கர்நாடக அரசின் முத்திரையில் இருதலைப் பறவையாகிய கண்டபேருண்டம் நடுவே விளங்குகிறது; சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கொண்ட கஜகேசரிகள் இருமருங்கும் நிற்கின்றன. இதனைப் பார்த்துவிட்டு, "இந்தப் பறவை எவ்வளவு பெரியது? இதனால் பறக்க முடியுமா?" என்று வினவுகின்றனர் நம் வீட்டுப் பிள்ளைகள். திரைப்படத்திலும் கணினி விளையாட்டிலும் பேருருவ விலங்குகளோடு பழகிய தலைமுறை அது. தாங்களே அத்தகைய விலங்குகளை வரையவும் செய்கின்றனர். ஆகவே வினாவைப் புறக்கணித்தல் தகாது.

விடையின் முதற்பகுதியை 1638-இல் வெளிவந்த நூலொன்றில் கலீலியோ கூறிவிட்டார். ஒரு விலங்கின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இருமடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும். காலெலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்கே ஆகும். பூனையை அதே வடிவில் யானையளவு பெருக்கினால் அதன் கால்கள் அதனைத் தாங்கமாட்டா. யானைக்குத் தூண்போன்ற கால்கள் அமைந்த காரணம் இதுவே. பறவையின் பாடு இன்னும் கடினம். பறக்கும் பறவைகளுள் மிகக் கனத்தவற்றில் ஒன்றான நம் நாட்டுக் கானமயிலே ஏறத்தாழ 15 கிலோதான். அச்சுதராயர் காலத்து விஜயநகர நாணயங்களிலோ, கண்டபேருண்டம் அலகுகளிலும் கால்நகங்களிலும் யானைகளையே பற்றியிருக்கிறது!

நாணயத்தில் அது செல்லும். அங்கே பாரம் ஏது? ஆனால் கல்லில் வடிக்கும் சிற்பிக்கு அந்தச் சலுகை கிடையாது.

மதுரைப் புதுமண்டபத்து யாளியை நினைவுகூர்வோம். பின்னங்கால்களில் எழுந்து பாய்கிறது, இடையோ மெலிது, தலைக்கு மேலே கூரைக் கற்களின் பெரும்பாரம். இடை முறியாதிருப்பது எங்ஙனம்? யாளியின் முதுகும் பின்னுள்ள தூணும் ஒரே கல். பாரம் தூண்வழியே தரைக்கு இறங்கிவிடுகிறது. யாளித் தூண்கள் சிலவற்றில் யாளியின் துதிக்கை, கீழே நிற்கும் சிறு யானையின் துதிக்கையைப் பற்றியிருக்கும். காண்போர்க்கு அது போர்; முன்னே நீண்ட கல்லுக்கு அதுவே முட்டு. மேலும், பிடரி, துதிக்கை, தந்தம், நகம் ஆகிய ஒவ்வோர் உறுப்பும் சிற்பி கண்டோ கேட்டோ அறிந்த உயிர்களுடையது. ஆதலால் இல்லாத விலங்கை நம் கண் நம்பிவிடுகிறது. கொம்புகளை மேன்மேலும் அடுக்கும் இக்காலத் திரை விலங்குகளிடம் இந்த அடக்கம் குறைவு என்பது நம் கருத்து.

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு வேறொரு கவலையும் உண்டு. 'டிராகன்' என்பதை வலுசர்ப்பம் என்பதா, பறவைநாகம் என்பதா என்று நாம் தடுமாறுகிறோம். பிள்ளைகளோ டிராகனை நன்கறிந்து, யாளி என்ற சொல்லையே கேளாது வளர்கின்றனர். ஊர்விட்டு வந்த குடும்பங்களில் முதலில் உதிர்வன இத்தகைய சொற்களே.

சேலம் பக்கம் செல்வோர் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கும் சென்று வரலாம். அங்கே யாளியின் வாய்க்குள் கல்லுருண்டை ஒன்று உருளும். வெளியே எடுக்க வாராது. அவ்வளவு தொலைவு இயலாதோர்க்கு ஹலசூர் சோமேசுவரர் கோயில் அருகிலேயே உள்ளது. விஜயநகரப் பாணியில் அமைந்த அதன் தூண்களைப் பிள்ளைகள் சுற்றிவந்து பார்க்கட்டும். விலங்கின் முதுகு எங்கே முடிகிறது, தூண் எங்கே தொடங்குகிறது என்று அவர்களே தேடிக் கூறட்டும்.