தீயணைப்பு நிலையமும் ஊராட்சியின் கடமையும்



வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டத் தொடங்கினாற்போல என்று நம் முன்னோர் ஒரு பழமொழி சொல்லிவைத்தனர். தீயை எதிர்க்கும் ஆயத்தம் தீ வருமுன்னரே நடைபெற வேண்டும் என்பது அதன் கருத்து. தீயணைப்பு நிலையம் என்னும் ஏற்பாடு அந்த அறிவிலிருந்து பிறந்ததேயாகும். அது வளர்ந்த வரலாற்றையும், அதனால் கிராமம் முழுப் பயன் பெறுவதற்கு நாம் ஆற்ற வேண்டிய கடமையையும் இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முற்காலத்தில் மக்கள் வரிசையாக நின்று, நீர்க்குடங்களைக் கைமாற்றித் தீயை அணைத்தனர். 1672-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து வான் டெர் ஹெய்டன் என்பார் தோலாலான நீர்க்குழாயை அமைத்தார். அதன் பின்னரே, எரியும் கட்டடத்தின் உட்புறம் வரை நீரைக் கொண்டு செல்வது இயன்றது. நாளடைவில் நீராவி யந்திரமும், அதன் பின் மோட்டார் வண்டியும் வந்தன. நம் மாநிலத்தில், சென்னை நகரில் 1908-ஆம் ஆண்டு தீயணைப்புப் படை தோன்றியது. தீயணைப்புப் பணிக்கெனத் தனிச் சட்டம் 1985-இல் இயற்றப்பட்டது.

இப்பணி உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் பணி. 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில், பஞ்சுப் பொதிகளும் வெடிபொருளும் ஏற்றியிருந்த கப்பல் தீப்பற்றி வெடித்தது. தீயை அணைக்க முனைந்த வீரர் 66 பேர் மாண்டனர். அவர்கள் நினைவாகவே ஆண்டுதோறும் அந்நாள் தீத்தொண்டு நாளாகப் போற்றப்படுகிறது.

இன்று நிலையங்கள் புதுமை பெற்றுள்ளன. புகைக்குள் புகுவதற்கு மூச்சுக் கருவியும், எண்ணெய்த் தீயை அடக்க நுரையும், உயர்ந்த மாடங்களை எட்டும் ஏணி வண்டியும் வந்துவிட்டன. கிணற்றில் விழுந்தவரையும் வெள்ளத்தில் சிக்கியவரையும் மீட்பதும் இத்துறையின் பணியாயிற்று.

ஆயினும் ஓர் உண்மையை நாம் மறைத்தற்கில்லை. மாநிலத்தில் நிலையங்கள் 300க்கு மேல் உள்ளன; ஊராட்சிகளோ 12,000க்கு மேல். ஒரு நிலையம் பல ஊராட்சிகளைக் காக்க வேண்டியதாயிருக்கிறது. ஆகவே, வண்டி வந்து சேரச் சிறிது நேரம் ஆகத்தான் செய்யும். வந்த வண்டியும் வற்றாத ஊற்றன்று. 4,500 லிட்டர் கொள்ளும் வண்டியிலிருந்து நிமிடத்திற்கு 450 லிட்டர் பாய்ச்சினால், பத்தே நிமிடத்தில் தொட்டி காலியாகும். அதன் பின் நீர் எங்கே?

கிணறு இருக்கிறதே என்பீர்கள். பம்பு நீரை உறிஞ்சி மேலேற்றுவது காற்றின் அழுத்தத்தைக் கொண்டே. நடைமுறையில் சுமார் 7 மீட்டருக்குக் கீழுள்ள நீரை அது உறிஞ்ச இயலாது. கிணற்றுக்குள் மேடை கட்டி எண்ணெய் எஞ்சினை இறக்கி வைத்த உழவர்கள் இதை நன்கு அறிவர். நீர்மட்டம் தாழ்ந்த கிணறு தீயணைப்பு வண்டிக்கு உதவாது. ஏரியும் குளமும் ஊருணியுமே உதவும். அதுவும், கரைவரை வண்டி செல்லப் பாதை இருந்தால் மட்டுமே.

அரசியலமைப்பில் தீயணைப்புப் பணி நகராட்சிகளுக்குரிய பன்னிரண்டாம் அட்டவணையிலேதான் இடம்பெற்றிருக்கிறது. ஊராட்சிகளுக்குரிய பதினோராம் அட்டவணையில் இல்லை. ஆனால் சாலையும், குடிநீரும், நீர் மேலாண்மையும் அவ்வட்டவணையில் உள்ளன. வண்டியை அனுப்புவது அரசின் பொறுப்பு. அதற்கு வழியும் நீரும் தருவது நம் பொறுப்பு.

ஆகவே, ஒவ்வோர் ஊராட்சியும் சில காரியங்களை மேற்கொள்ளல் வேண்டும். கனமான வண்டி புதையாதபடி குளக்கரைப் பாதையைக் கெட்டிப்படுத்துக. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் அடியில், வண்டிக்கு நீர் நிரப்ப ஒரு பெரிய குழாய்வாய் அமைக்குக. 30,000 லிட்டர்த் தொட்டி நிறைந்திருப்பின், வண்டியை ஆறு முறை நிரப்பலாம். எந்தத் தெருவில் வண்டி திரும்ப இயலாது என்பதை நிலைய அலுவலரை அழைத்துக் காட்டி, ஆக்கிரமிப்பை அகற்றுக.

வைக்கோற்போரைக் குடிசைக்கு அருகிலோ மின்கம்பியின் கீழோ அமைத்தல் தகாது. தீ கண்டவுடன் 101 அல்லது 112 எண்ணுக்குச் செய்தி சொல்லுக. ஊர்ப் பெயரோடு, அருகிலுள்ள நெடுஞ்சாலை நிறுத்தத்தையும் கூறுக. ஒருவர் அந்நிறுத்தத்தில் நின்று வண்டிக்கு வழிகாட்டட்டும். மற்றையோர் கால்நடைகளை அவிழ்த்துவிட்டு, முதியோரையும் குழந்தைகளையும் அப்புறப்படுத்தட்டும்.

2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் ஒன்றில் ஓலைக்கூரை தீப்பற்றி, 94 குழந்தைகள் கருகி மாண்டனர். ஓலையில் பற்றிய தீ, வண்டி வரும்வரை காத்திராது என்பதை அந்நாள் நமக்கு உணர்த்திற்று. தீ தோன்றாமற் காப்பதும், தோன்றிய முதற் சில நிமிடங்களில் உயிர்களைக் காப்பதும் ஊராரின் கையிலேயே உள்ளன.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். அவ்வாரத்தில் நிலைய வீரர்களை ஊருக்கு அழைத்து ஒத்திகை நடத்துவோம். வண்டி குளக்கரைக்குச் சென்று நீரை உறிஞ்சுகிறதா என்பதை நேரிற் காண்போம். காணும் குறைகளை மே முதல் நாள் கிராம சபையில் தீர்மானமாக்கி, அடுத்த கோடைக்குள் நீக்குவோம். கிணறு வெட்டும் காலம் இதுவே.